குடிகள் வாழ்ந்த இடமே கோயில் வளர்ந்த இடம்



எங்கள் ஆலயத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்பில் சென்ற ஆண்டு ஒரு மாணவன் நாட்டின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வினா எழுப்பினான். "ஐயா, பினாங்கு முதல் ஜொகூர் வரை எங்கு பார்த்தாலும் நம் கோயில்கள். கிளந்தானிலும் திரங்கானுவிலும் மட்டும் ஏன் விரல்விட்டு எண்ணும்படி இருக்கின்றன?" அன்று அரைகுறையாக விடை கூறினேன். முழு விடையை இத்திருவிழா மலரில் எழுதுவது என் கடமை.

வினா நியாயமானதே. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நெகிரி செம்பிலானில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் இந்துக்கள். கிளந்தானிலும் திரங்கானுவிலும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பக்தியன்று, பால்மரம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஈயச் சுரங்கங்களும், பின்னர் இரப்பர் தோட்டங்களும் மேற்குக் கரையிலேயே பெருகின. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கு முதல் இரயில் ஓடிற்று. பாதை போன வழியெல்லாம் தோட்டங்கள் எழுந்தன. காடு சூழ்ந்த கிழக்குக் கரைக்கான பாதையோ 1931இல்தான் முழுமை பெற்றது. வேலை எங்கிருந்ததோ அங்கே நம் முன்னோர் வந்திறங்கினர்.

கங்காணியும் காவல் தெய்வமும்

கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று, உற்றாரையும் ஊராரையும் குடும்பத்தோடு அழைத்து வந்தார். ஆகவே ஊர்த் தெய்வங்களும் உடன் வந்தன. லயத்தின் ஓரத்தில் மாரியம்மன், தோட்டத்து எல்லையில் முனீஸ்வரர், மதுரை வீரன் எனப் பலகையும் தகரமும் கொண்டு கோயில்கள் எழுந்தன. நகரங்களில் வணிகம் செய்த நகரத்தார் தண்டாயுதபாணிக்கு ஆலயம் எழுப்பினர். இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிந்த யாழ்ப்பாணத்தார் கந்தசுவாமியை வழிபட்டனர். 1873இல் கோலாலம்பூரில் தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயமும், பத்துமலைத் திருத்தலமும் இவ்வாறு மக்கள் குடியேறிய வழியில் மலர்ந்தவையே.

கடாரம் தரும் பாடம்

இதற்கு மாறான காட்சியைக் கெடாவில் காணலாம். குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், பூசாங் பள்ளத்தாக்கில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சிவாலயங்களின் அடித்தளங்கள் கிடக்கின்றன. அது கடாரம், இராஜேந்திர சோழனின் கடற்படை 1025இல் சென்ற இடம். வணிகரும் மன்னரும் போற்றிய அவ்வாலயங்களுக்குப் பொருட்குறையிருந்திராது. ஆயினும் காலப்போக்கில் கடல் வணிகம் வேறு துறைமுகங்களை நாடிற்று. அரசும் சமயம் மாறிற்று. வழிவழியாக விளக்கேற்றக் குடிகள் எஞ்சவில்லை. கல் நிலைத்தது, வழிபாடு நிலைக்கவில்லை.

கருங்கல் ஆலயம் மறைந்தது; தகரக் கூரை மாரியம்மன் நூறாண்டு கடந்தும் நிற்கிறாள். சம்பள நாளில் குடும்பத்திற்கு ஒரு வெள்ளி என்று கொடுத்த பால்மரத் தொழிலாளியும், திருவிழாவுக்குத் தோரணம் கட்டிய அவர் பிள்ளையுமே அதற்குக் காரணம். அப்படித் தோரணம் கட்டிய பிள்ளைகளில் அடியேனும் ஒருவன்.

இன்று எங்கள் தோட்டம் இல்லை. நிலம் வீடமைப்புத் திட்டத்திற்குப் போயிற்று. குடும்பங்கள் பல தாமான்களுக்குச் சிதறின. அம்மன் மட்டும் அதே இடத்தில் இருக்கிறாள். திருவிழா நாளில் கூட்டம் அலைமோதுகிறது. மறுவாரம் சமய வகுப்பில் பதினொரு பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். செயலாளர் என்ற முறையில் என் குறையையும் சொல்லவேண்டும். கோபுரத் திருப்பணிக்கு நன்கொடை வேண்டி நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதினேன். பிள்ளைகளை வகுப்பிற்கு அனுப்புங்கள் என்று ஒரு கடிதமும் எழுதியதில்லை.

இக்கட்டுரையையே அக்கடிதமாக ஏற்றருள வேண்டுகிறேன். உபயம் செய்யும் அன்பர்கள் ஆண்டுக்கொருமுறை காசோலையோடு வருவது போல, வாரந்தோறும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டும் வருக. வேலை தேடி வந்தவர்களால் இக்கரையில் வேரூன்றிய சமயம், வீடு மாறிப்போனவர்களால் கடாரத்துக் கல்லாகிவிடலாகாது.

வரைபடத்தோடு வந்த அம்மாணவன் இப்பொழுதும் தவறாமல் வருகிறான். அவனுக்கு அருகில் இடம் இருக்கிறது.