69% இடஒதுக்கீட்டுக்கு 9ஆவது அட்டவணை கவசம்: நீதிமன்றம் அதைத் திறந்து பார்க்க முடியுமா?

தமிழ்நாட்டில் காலேஜ் அட்மிஷன் சீசன் வந்தாலே '69%' என்ற எண்ணும் கூடவே வந்துவிடும். பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. கூட்டினால் 69. ஆனால், 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறதே, அப்புறம் இது எப்படி நீடிக்கிறது?

பதில், அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணையில் இருக்கிறது. சட்டமன்றம், நாடாளுமன்றம், நீதிமன்றம் மூன்றும் மோதிக்கொள்ளும் இடமும் அதுதான்.

9ஆவது அட்டவணை என்றால் என்ன?

1951இல் நேரு பிரதமராக இருந்தபோது, ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்களை எதிர்த்து நில உடைமையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அதைத் தடுக்க, முதலாவது அரசியலமைப்புத் திருத்தம் மூலம் 31பி பிரிவும் 9ஆவது அட்டவணையும் கொண்டுவரப்பட்டன. சிம்பிளா சொன்னா, இந்தப் பட்டியலில் ஒரு சட்டத்தைச் சேர்த்துவிட்டால், 'அடிப்படை உரிமையை மீறுகிறது' என்று சொல்லி அதை ரத்து செய்ய முடியாது.

முதலில் 13 சட்டங்கள்தான் இருந்தன. இப்போது 280க்கும் மேல்.

69% எப்படி உள்ளே போனது?

1992 நவம்பரில் மண்டல் வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு 50% வரம்பை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அப்போதே 69% நடைமுறையில் இருந்தது. முதலமைச்சர் ஜெயலலிதா அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் 1994 ஜூலையில் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 76ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அந்தச் சட்டத்தை 9ஆவது அட்டவணையில் சேர்த்தது.

இங்கே ஒரு விஷயத்தை கவனிக்கணும். சட்டம் மாநிலத்தோடது. ஆனா கவசம் போடுற அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான். அதுவும் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும்.

அப்போ நீதிமன்றம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?

இல்லை. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், 13 நீதிபதிகளில் 7 பேர் பெரும்பான்மையுடன் ஒரு எல்லைக்கோடு போடப்பட்டது. நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம். ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது.

இந்தக் கோடு 9ஆவது அட்டவணைக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை தந்த வழக்கும் தமிழ்நாட்டிலிருந்தே போனதுதான். நீலகிரி மாவட்டம் கூடலூர் ஜென்ம நிலங்கள் தொடர்பான 1969 சட்டத்தில், காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதியை 1972இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. 1974இல் அந்தச் சட்டம் முழுசாக 9ஆவது அட்டவணைக்குள் போனது. கோர்ட் ரத்து செய்ததை நாடாளுமன்றம் பின்வாசல் வழியாகக் காப்பாற்றலாமா? இதுதான் வழக்கு.

2007 ஜனவரி 11 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும், அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கிறதா என்று நீதிமன்றம் ஆய்வு செய்யலாம்.

69% சட்டம் சேர்ந்தது 1994இல். அதாவது கவசம் இருக்கு, ஆனா பூட்டு இல்லை.

இப்போது நிலைமை என்ன?

69 சதவீதத்தை எதிர்த்து ஆரம்பத்திலிருந்தே வழக்குகள் உண்டு. 50% விதி இருந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் மாணவர்களுக்குக் கூடுதல் இடம் உருவாக்கச் சொல்லி, உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவுகளும் போட்டது. 2010 ஜூலையில், புள்ளிவிவர அடிப்படையில் பரிசீலிக்கும்படி சொல்லி பழைய வழக்குகளை முடித்துவைத்தது. 2011இல், பிற்படுத்தப்பட்டோர் ஆணைய அறிக்கையின் அடிப்படையில் 69% தொடரும் என்று தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. அதன் பிறகு புது வழக்குகள் வந்தன. சட்டம் அமலில்தான் இருக்கிறது.

கவசம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பீகார் உதாரணம். 2023இல் அங்கே இடஒதுக்கீடு 65% ஆக உயர்த்தப்பட்டது. 9ஆவது அட்டவணையில் சேர்க்கக் கோரியும் நடக்கவில்லை. 2024 ஜூனில் பாட்னா உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இன்னொரு பக்கம், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10% ஒதுக்கீட்டை 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் 3-2 என்ற கணக்கில் ஏற்றது. 50% என்பது எப்போதும் மாறாத வரம்பு அல்ல என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. இது தமிழ்நாட்டின் வாதத்துக்கு ஓரளவு பலம் சேர்க்கும்.

யாருக்குத்தான் கடைசி அதிகாரம்?

யாருக்குமே முழுசா இல்லை. சட்டமன்றம் சட்டம் போடலாம், நாடாளுமன்றம் கவசம் தரலாம், நீதிமன்றம் அதைத் திறந்து பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது 69% தாங்குமா என்பதை, எத்தனை பேர் பின்தங்கியிருக்கிறார்கள், எந்த அளவுக்கு என்று அரசு வைக்கும் கணக்குதான் பெருமளவு தீர்மானிக்கும். சாதிவாரிக் கணக்கெடுப்பு என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு சத்தமாக ஒலிக்கிறது என்பதற்கான முக்கியக் காரணம் இதுதான்.