எடை குறைந்த பேஸ் கிட்டார் பெருக்கி

எடை குறைந்த பேஸ் கிட்டார் பெருக்கி என்பது, பேஸ் கிட்டாரிலிருந்து வரும் நலிந்த மின்குறிகையை ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்கு உயர்த்தித் தருவதும், ஏறத்தாழ 2 அல்லது 3 கிலோகிராம் மட்டுமே எடை கொண்டதுமான கருவியாகும். இசைக்கலைஞர்கள் பேச்சுவழக்கில் இதை ‘ஆம்ப்’ என்பர். 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் இவ்வகை பரவலாயிற்று. இதைப் பயன்படுத்தும் கலைஞர்களிடம் கருத்துக் கேட்டால் எடையைப் பற்றி எல்லோரும் ஒரே குரலில் புகழ்வார்கள். ஒலியைப் பற்றிக் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். தெளிவாகக் கேட்கிறது, ஆனால் பழைய பெருக்கியைப் போல் நெஞ்சில் வந்து மோதவில்லை என்பது ஒரு தரப்பின் குறை. ஆங்கிலம் பேசும் பேஸ் கலைஞர்கள் இந்த மோதலை ‘ஹெஃப்ட்’ என்ற சொல்லால் குறிக்கிறார்கள். அச்சொல்லின் நேர்ப்பொருளும் கனம் என்பதுதான். பெட்டியின் கனம் போனபோது ஒலியின் கனமும் உடன் போய்விட்டதா என்பதே இவர்களிடையே நீடிக்கும் வழக்கு.

பழைய பெருக்கிகள் ஏன் கனமாக இருந்தன

நான்கு நரம்புப் பேஸ் கிட்டாரின் தடித்த நரம்பு, ஈ சுரத்தில், நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஐந்து நரம்புக் கருவியின் பி நரம்பு 31 முறை மட்டுமே அதிரும். இவ்வளவு தாழ்ந்த ஒலிகளை மனிதக் காது எளிதில் உணர்வதில்லை. நடு அலைவெண்ணில் உள்ள ஓர் ஒலிக்கு இணையாகக் கேட்க வேண்டுமானால், தாழ்ந்த ஒலிக்குப் பன்மடங்கு ஆற்றல் தேவை. இசைக்குழுவில் கிட்டார் கலைஞருக்கு 30 வாட் போதுமான மேடையில், பேஸ் கலைஞருக்கு 300 வாட் வேண்டியிருப்பது இதனால்தான்.

லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் என்னும் மின்கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு இணையான பேஸ்மேன் பெருக்கி 1952இல் வந்தது. (பின்னாளில் பேஸ்மேனைப் பேஸ் கலைஞர்களைவிடக் கிட்டார் கலைஞர்களே அதிகம் விரும்பினார்கள் என்பது தனிக்கதை.) ஆம்பெக் நிறுவனத்தைத் தொடங்கிய எவரெட் ஹல் தாமே டபுள் பேஸ் வாசித்தவர். பெரிய மரக்கருவியைத் தூக்கி அலைந்தவர் என்பதாலோ என்னவோ, அவருடைய நிறுவனம் சுமையைப் பற்றித் தொடக்கத்திலேயே யோசித்தது. 1960இல் வெளிவந்த போர்ட்டாஃப்ளெக்ஸ் பி-15 பெருக்கியில், மின்பகுதியைத் தலைகீழாகத் திருப்பி ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே அடக்கி மூடிவிடலாம். ஆனால் அதன் ஆற்றல் 25 வாட் அளவில்தான் இருந்தது. கேளிக்கை விடுதிக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் அது போதும். ராக் குழுக்கள் விளையாட்டரங்குகளில் வாசிக்கத் தொடங்கியபோது போதவில்லை.

அதற்கு விடையாக ஆம்பெக் 1969இல் எஸ்.வி.டி. என்ற பெருக்கியை வெளியிட்டது. 14 வால்வுகள், 300 வாட். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இதன் முன்மாதிரிகளைப் பயன்படுத்தியது. இன்றும் விற்கப்படும் எஸ்.வி.டி. கிளாசிக் வகையின் எடை ஏறத்தாழ 36 கிலோ. அதனுடன் இணைக்கும், பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டுக் கொண்ட பெட்டி 63 கிலோவுக்கு மேல். இரண்டையும் சேர்த்தால் ஒரு குவிண்டால். வால்வுப் பெருக்கியில் இந்த எடையின் பெரும்பகுதி இரும்பும் செம்பும்தான். மின்வழங்கிக்கு ஒரு மின்மாற்றி, வெளியீட்டுக்கு இன்னொரு மின்மாற்றி என இரண்டு பெரிய கட்டிகள் அதற்குள் இருக்கின்றன.

எடை எப்படிக் குறைந்தது

பழைய டிரான்சிஸ்டர் வானொலிக்கு மின்சாரம் தந்த எலிமினேட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் நினைவிருக்கும். இன்றைய செல்பேசி சார்ஜர் அதைவிட அதிக ஆற்றல் தந்தும் தீப்பெட்டி போல இருக்கிறது. பேஸ் பெருக்கியில் நடந்ததும் இதே மாற்றம்தான். வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அந்த வேகத்தில் இயங்கும் மின்மாற்றிக்குப் பெரிய இரும்பு உள்ளகம் வேண்டும். அதே மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு நொடிக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை வெட்டிக் கொடுத்தால், சிறிய உள்ளகமே போதும். கணினிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி செய்வதும் இதுவே.

இன்னொரு பாதி, கிளாஸ் டி எனப்படும் பெருக்கிச் சுற்று. வழக்கமான சுற்றில் டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்த குழாய் போல இயங்கி, ஆற்றலில் கணிசமான பங்கை வெப்பமாக வீணடிக்கும். அந்த வெப்பத்தை வெளியேற்றக் கனமான அலுமினியத் தகடுகள் வேண்டும். கிளாஸ் டி-யில் டிரான்சிஸ்டர் ஒன்று முழுதாகத் திறந்திருக்கும், இல்லையேல் முழுதாக மூடியிருக்கும். நொடிக்குப் பல இலட்சம் முறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் திறந்திருக்கும் நேரத்தின் நீளத்தால் ஒலியின் வடிவத்தைச் சொல்லும். கடைசியில் ஒரு சுருளும் மின்தேக்கியும் அந்த வெட்டுகளை வழித்தெடுத்துவிடும். செயல்திறன் 90 விழுக்காட்டை எட்டுகிறது. ‘டி’ என்பதை டிஜிட்டல் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு, ஏ, பி, சி-க்குப் பின் வந்த எழுத்து, அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் பெட்டியின் எடையைக் குறைத்தது 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம். ஃபெர்ரைட் காந்தத்தைவிடப் பல மடங்கு வலிமையுள்ளதால் சிறு துண்டே போதும். 2011 வாக்கில் அருமண் தனிமங்களின் விலை திடீரென ஏறியபோது, இந்த ஸ்பீக்கர்களின் விலையும் கூடவே ஏறியது.

கனமற்ற பெருக்கியை ராக் கலைஞர்களுக்கு முன்பே ஏற்றவர்கள் ஜாஸ் கலைஞர்கள். வால்டர் வுட்ஸ் என்ற அமெரிக்கர் 1970களிலிருந்து கையால் செய்து விற்ற சிறு பெருக்கிகளை டபுள் பேஸ் வாசிப்பவர்கள் தேடி வாங்கினர். 2000களில் இத்தாலியின் மார்க்பேஸ் நிறுவனம் 3 கிலோவுக்கும் குறைந்த, 500 வாட் லிட்டில் மார்க் வரிசையைப் பரவலாக்கியது. அமெரிக்காவின் அகிலார் நிறுவனத்தின் டோன் ஹாம்மர் 500 இன்னும் இலேசு, 1.8 கிலோ. ஃபெண்டர் தன் ரம்பிள் வரிசையைக் கிளாஸ் டி-க்கு மாற்றியபோது, ஸ்பீக்கரும் உள்ளடங்கிய 100 வாட் பெருக்கியே 10 கிலோவாகக் குறைந்தது. எஸ்.வி.டி. செய்த ஆம்பெக்கும் இவ்வழிக்கு வந்துவிட்டது.

கலைஞர்கள் கேட்டது என்ன

மின்சுற்றின் அளவீட்டைப் பார்த்தால், நல்ல கிளாஸ் டி பெருக்கி தாழ்ந்த ஒலிகளைக் குறைப்பதில்லை. அப்படியிருக்க, அனுபவமுள்ள பேஸ் கலைஞர்கள் பலர் ஒரே குறையைச் சொல்வது ஏன்? வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிடுவது எளிது, சரியன்று.

முதலில் வாட் கணக்கு. வாட் இரட்டித்தால் ஒலிமட்டம் 3 டெசிபெல் மட்டுமே உயர்கிறது. இரு மடங்கு உரத்த ஒலி என்று காது உணர்வதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். எனவே 300 வாட்டிலிருந்து 500 வாட்டுக்கு மாறியவர் பெரிய மாற்றம் எதையும் கேட்கப்போவதில்லை. மேலும் பெட்டியில் அச்சிட்ட 500 வாட் பெரும்பாலும் 4 ஓம் மின்தடைக்கு உரியது. 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை மட்டும் இணைத்தால் பாதி அளவே கிடைக்கும். டோன் ஹாம்மரில் அது 250 வாட். புதிதாக வாங்குபவர்கள் பலர் கோட்டைவிடும் இடம் இதுவே.

இரண்டாவது, எல்லையைத் தொடும்போது நடப்பது. வால்வுப் பெருக்கியைத் தன் திறனுக்கு மேல் தள்ளினால் அது ஒலியின் முகடுகளை மெல்ல அமுக்கி, மேற்சுரங்களைச் சேர்க்கிறது. காது அதைச் சிதைவாகக் கேட்பதில்லை. கூடுதல் உரமாகவும் செறிவாகவும் கேட்கிறது. ஆகவே 300 வாட் வால்வுப் பெருக்கியை அதன் எண்ணுக்கு அப்பாலும் ஓட்டலாம். கிளாஸ் டி பெருக்கியில் அந்த எல்லைக்கு முன்பே பாதுகாப்புச் சுற்று குறுக்கிட்டுப் பிடித்துவிடும். பலமாக அடித்தும் ஒலி எழவில்லை என்று கலைஞர் உணர்வது அந்தக் கணத்தைத்தான். வால்வின் இந்த இயல்பைப் போலச் செய்ய, பல நிறுவனங்கள் முன்நிலையில் ஒரு வால்வையோ, டோன் ஹாம்மரில் உள்ளது போன்ற ‘டிரைவ்’ குமிழையோ சேர்க்கின்றன. இது ஓரளவுக்கு வேலை செய்கிறது.

மூன்றாவதுதான் என் பார்வையில் மிகப் பெரிய காரணம்: பெருக்கியை மாற்றியவர்கள் ஸ்பீக்கர் பெட்டியையும் சேர்த்தே மாற்றிவிட்டார்கள். சிறிய பெட்டி, ஆழ்ந்த பேஸ், அதிக ஒலித்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பது ஸ்பீக்கர் வடிவமைப்பில் ஹாஃப்மனின் இரும்பு விதி என வழங்குகிறது. கே.எல்.எச். ஒலிக்கருவி நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் அமைந்தது அது. எட்டு ஸ்பீக்கர் பெட்டியை விட்டு ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கருக்கு வந்தவர், இழந்த கனத்துக்குத் தலைமேல் இருக்கும் 2 கிலோ பெருக்கியைக் குற்றம் சொல்கிறார். பழைய பெட்டியிலேயே புதிய பெருக்கியை இணைத்துக் கேட்டால் வழக்கில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெஞ்சில் மோதும் ஒலிக்குப் பேர்போன அந்த ஆம்பெக் பெட்டியே மிகத் தாழ்ந்த ஒலிகளை முழுதாகத் தருவதில்லை. அதன் ஒலி 58 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல்லும், 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபெல்லும் சரிகிறது. ஈ நரம்பின் அடிச்சுரம் அதில் நலிந்தே ஒலிக்கிறது. 80க்கும் 200க்கும் இடைப்பட்ட மேற்சுரங்களே நாம் கேட்கும் உடலைத் தருகின்றன. அடிச்சுரம் குறைந்தாலும் மேற்சுரங்களை வைத்துக் காது அதை நிரப்பிக்கொள்ளும். கனம் இல்லையே என்று பேஸ் குமிழைத் திருகுபவர்கள் பெருக்கியின் ஆற்றலை வீணாக்குகிறார்கள். தாழ்நடு ஒலியை ஓரிரு டெசிபெல் கூட்டினால் பலன் அதிகம்.

பெட்டியின் உயரமும் ஒரு காரணம். எட்டு ஸ்பீக்கர் பெட்டியின் மேல்வரிசை, வாசிப்பவரின் மார்பளவுக்கு வரும். சிறு பெட்டி முழங்கால் உயரத்தில் நிற்கும். அவையோருக்கு நன்றாகக் கேட்டாலும் வாசிப்பவருக்கு மந்தமாக இருக்கும். ஒரு நாற்காலியின் மேல் தூக்கி வைத்துக் கேட்டபின் கருத்தை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு.

டபுள் பேஸ் வாசிப்பவர்கள் இதே பெருக்கியைப் பாராட்டுவது வேறொரு காரணத்துக்காக. தங்கள் மரக்கருவியின் ஒலியில் பெருக்கி தன் சாயலைக் கலக்கக் கூடாது என்பது அவர்கள் விருப்பம். ராக் கலைஞர் ‘உயிரில்லை’ என்று குறை சொல்லும் அதே தன்மையை இவர்கள் ‘தூய்மை’ என்கிறார்கள்.

சுமையும் பயணமும்

பேஸ் கலைஞர்கள் பெரும்பாலானோர் உதவியாளர் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சம்பாதிப்பவர்கள் அல்லர். நள்ளிரவில் கச்சேரி முடிந்து மாடிப்படியில் 60 கிலோ பெட்டியை இறக்குவது அவர்கள் வேலைதான். முதுகுவலியால் வாசிப்பைக் குறைத்துக்கொண்ட மூத்த கலைஞருக்கு, இலேசான பெருக்கி ஒலியின் ரசனை சார்ந்த தேர்வன்று. தொழிலில் தொடர்வதற்கான வழி. விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பது பல நிறுவனங்களின் வழக்கமான வரம்பு. எஸ்.வி.டி. அதில் அடங்காது. 2 கிலோ பெருக்கி கிட்டார் உறையின் பக்கப்பையில் போய்விடும். வெளிநாடு செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவ்வகைப் பெருக்கிகளில் பல 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே ஏற்கும், எல்லாமும் அல்ல. அமெரிக்காவில் வாங்கியதை நம் ஊர் 230 வோல்ட்டில் செருகுமுன் பின்புறத் தகட்டைப் படித்துவிடுவது நல்லது.

பெரிய மேடைகளில் பேஸ் ஒலி, பெருக்கியின் டி.ஐ. வெளியீட்டிலிருந்து நேரே அரங்க ஒலியமைப்புக்குச் செல்கிறது. காதுக்குள் பொருத்தும் மானிட்டர்களும் வந்துவிட்டன. மேடைப் பெருக்கி இப்போது பல இடங்களில் வாசிப்பவர் தன் வாசிப்பைத் தானே கேட்பதற்கு மட்டுமே தேவைப்படுகிறது.

பழுது

ஒலியைவிட நியாயமான குறை இங்கே இருக்கிறது. வால்வுப் பெருக்கியில் வால்வு போனால் புதிதாக வாங்கிச் செருகலாம். மின்தேக்கி போனால் அனுபவமுள்ள மெக்கானிக் பற்றுவைத்து மாற்றிவிடுவார். எடை குறைந்த பெருக்கியில் நுண்ணிய உதிரிகள் பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டப்பட்டிருக்கும். மின்வழங்கியோ வெளியீட்டுப் பகுதியோ கெட்டால் பெரும்பாலும் முழுப் பலகையையும் மாற்ற நேர்கிறது. அந்தப் பலகையைப் பெருக்கி நிறுவனம் பிறரிடமிருந்து வாங்கிப் பொருத்தியிருக்கலாம். அவர்கள் உற்பத்தியை நிறுத்தினால் பழுதுபார்க்க வழியில்லை. 1970களின் எஸ்.வி.டி. பெருக்கிகள் பல இன்றும் பழுதுபார்க்கப்பட்டு மேடையேறுகின்றன. இதனாலேயே தொழில்முறைக் கலைஞர்கள் சிலர் 2 கிலோ பெருக்கி இரண்டை வாங்கி, ஒன்றை வாசிப்பதற்கும் மற்றொன்றைக் கையிருப்பாகவும் வைத்துக்கொள்கிறார்கள். அப்போதும் பையின் எடை 5 கிலோவைத் தாண்டுவதில்லை.