சூரிய மின்வேலி: ஆபத்தின்றி அமைக்கும் முறை

உத்திரமேரூர் வட்டாரத்தில் நெல், வேர்க்கடலை பயிரிடுவோருக்குக் காட்டுப்பன்றித் தொல்லையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கூட்டம் ஒன்று புகுந்தால் விடிவதற்குள் கொல்லை பாழ். இந்த ஆத்திரத்தில் சிலர் பம்ப்செட் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்து வேலிக் கம்பியில் கொக்கி மாட்டிவிடுகிறார்கள். இரவில் மடை திருப்பப் போகும் பக்கத்து நிலத்துக்காரருக்கு அது எப்படித் தெரியும்? 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் சிக்கி 3 யானைகள் மாண்டன. அந்த ஆண்டே மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கான விதிகளைத் தமிழக அரசு வெளியிட்டது.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். ஆனால் விடாமல் பாய்வதால் தசை இறுகி, பிடித்த கையை எடுக்க முடியாது. சூரிய மின்வேலியின் எனர்ஜைசர் கருவி பல ஆயிரம் வோல்ட் கொடுத்தாலும், நொடிக்கு ஒரு முறை, நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே கொடுக்கும். இடைவெளியில் விலங்கு துள்ளி விலகிவிடும். ஐ.எஸ். 302-2-76 தரத்துக்கு உட்பட்ட கருவியா எனக் கேட்டு வாங்கவும். உள்ளூரில் ஒட்டித் தரும் மலிவுக் கருவியை நம்ப வேண்டாம்.

வேலி வேலை செய்வதும் செய்யாததும் எர்த்தைப் பொறுத்தது. கம்பியிலிருந்து விலங்கின் உடல் வழியாக மண்ணுக்கு இறங்கும் மின்சாரம் எர்த் கம்பி மூலம் கருவிக்குத் திரும்பினால்தான் அதிர்ச்சி உண்டாகும். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் வேலி சோர்ந்துவிடும். 'கருவி சரியில்லை' என்று நேரடி மின்சாரத்துக்குத் தாவுவது இந்த நேரத்தில்தான்! எர்த் கம்பிகள் மூன்றை 3 மீட்டர் இடைவெளியில், ஒரு மீட்டருக்கு மேல் ஆழமாக இறக்கி, கோடையில் தண்ணீர் ஊற்றி வந்தால் போதும். வீட்டு எர்த்துக்கும் இதற்கும் குறைந்தது 10 மீட்டர் தூரம் வேண்டும். இரண்டையும் இணைக்கவே கூடாது.

பன்றிக்கு அடிக்கம்பி தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் இருக்கட்டும். முள்கம்பியில் மின்சாரம் செலுத்தக் கூடாது. சிக்கியவர் விடுபட முடியாது. கம்பியை நேராக மரத்தில் கட்டாமல் இன்சுலேட்டரில் கட்டவும். மின்வாரிய லைனுக்கு அடியில் வேலி போக வேண்டாம். பாதையோரம் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை அவசியம்.

வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியம் பற்றி அதன் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். நிலம் காப்புக்காட்டை ஒட்டியிருந்தால் முதலில் வனத்துறையைக் கேட்டுக்கொள்ளவும். கம்பியில் புல் படர்ந்தால் மின்சாரம் அதன் வழியே மண்ணில் இறங்கிவிடும். வாரம் ஒரு முறை, கருவியை நிறுத்திவிட்டு, அறுத்துவிடவும்.