மல்லிகைக்கு ஈடு கொடுக்கும் தொட்டி

மதுரை வண்டியூர் மொட்டை மாடியில் தொட்டிக்கு முதல் எதிரி வெயில். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது தளத்தில் நம்மால் கால் வைக்க முடியாது. தொட்டியோ நாள் முழுக்க அங்கேயே நிற்கிறது. நான் முதலில் வாங்கிய மலிவான குரோ பேக்குகள் இரண்டாவது கோடையில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தன. இடம் மாற்றத் தூக்கினால் காது மட்டும் கையோடு வந்தது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகிவிடுகிறது. யூவி தாங்கும் பை, 220 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் என்று கேட்டு வாங்குங்கள். கீரைக்கும் கத்தரிக்கும் அது போதும்.

மல்லிகைக்குப் போதாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லி, ஒருமுறை வைத்தால் பத்து வருஷம் பூக்கும். இடையில் தொட்டி உடைந்தால் வேர் அறுபடும். அதற்கு நன்றாகச் சுட்ட மண்தொட்டிதான் சரி. மண் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பவர்கள் பக்கத்திலிருக்கும் கீழடிக்குப் போய் உறைகிணற்றைப் பார்த்துவிட்டு வரலாம். 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சுடுமண் உறைகள் அவை.

எல்லாம் சூளையில் வெந்த பதம்தான். வாங்கும்போது விரல் முட்டியால் தட்டுங்கள். ‘ணங்’ என்று கேட்டால் வெந்தது. ‘டொப்’ என்றால் வேகவில்லை, அல்லது எங்கோ கீறல் இருக்கிறது. வேகாத தொட்டியில் போர் தண்ணீரின் உப்பு சுவருக்குள் ஊறி, காயும்போது படிகமாகித் திரண்டு, ஏடு ஏடாகப் பெயர்க்கும். வெந்த தொட்டியிலும் வெளியே வெள்ளை பூக்கும். தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும்.

பலகைப் பெட்டி வேண்டாம். வைரம் பாய்ந்த தேக்கு போன்றவை தவிர மற்றதெல்லாம் கரையானுக்குத் தீனி. தகரம் துருப்பிடிக்கும், வேரையும் வேகவைக்கும். நீளமாக வேண்டுமென்றால் 200 லிட்டர் நீல டிரம்மை நெடுக்காக அறுத்துக்கொள்ளலாம். ரசாயனம் வைத்திருந்த டிரம்மாக மட்டும் இருக்கக் கூடாது.

சிமெண்ட் தொட்டி உறுதிதான், கனம்தான் சங்கடம். ஒரு கன அடி ஈர மண்ணே 45 கிலோ வரும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம் என்றால் மண் மட்டும் 90 கிலோ. அதனால் பெரிய தொட்டிகளை மாடி நடுவில் வைக்காமல், அடியில் சுவரோ பீமோ போகும் இடமாகப் பார்த்து வையுங்கள். மண்ணோடு பாதிக்குப் பாதி தேங்காய் நார்க்கழிவு கலந்தால் பாரம் குறையும். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள். துளை அடைபடாது, தளமும் ஈரம் காயும்.