பட்டப்பகலில் விளக்கு எதற்கு?

இருசக்கர வாகனம் வைத்திருக்கும் நம்மவர் சிலருக்கு இந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. 2017 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை முன்விளக்கு தானாகவே எரியும். அணைக்க சுவிட்ச் கிடையாது. பாட்டரி தீர்ந்துவிடும் என்று பயந்து, வீட்டிலேயே ஒயரை வெட்டி சுவிட்ச் பொருத்துவோர் உண்டு.

பயம் வீண். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது மெக்கானிக்குகள் ‘மேக்னட் காயில்’ என்று சொல்லும் உறுப்பு. பாட்டரியையும் அதுவே நிரப்புகிறது.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 35 வாட் பல்புக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர் மின்சாரம் ஓடும். மலிவான சுவிட்சும், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பும் சூடேறும். அந்தமானின் மழையிலும் உப்புக்காற்றிலும் செம்புக் கம்பி பச்சை பூத்துப்போகும். பிறகு ஓர் இரவில், நடுவழியில் விளக்கு அணையும்.

சுவிட்சைப் போட மறப்பதும் எளிது. கடிகாரம் சென்னைக்கும் இங்கும் ஒன்றுதான், சூரியன் அப்படியல்ல. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில், நவம்பர் மாதம் மாலை 5 மணிக்கு முன்பே பொழுது சாய்கிறது. சென்னையில் அப்போது இன்னும் முக்கால் மணி நேர வெளிச்சம் பாக்கி. ஆபீஸ் விட்டுக் கிளம்பும்போதே இங்கு இருட்டு.

சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும், 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி வண்டிச் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஒயரை ஏற்கெனவே வெட்டியவர்கள் நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துப் பழையபடி சரிசெய்துகொள்வதே நலம். முன்விளக்கு நாம் வழி பார்ப்பதற்கு மட்டுமல்ல. எதிரே வருபவர் நம்மைப் பார்ப்பதற்கும்தான்.