மெலிந்த நாய்க்குட்டியும் அளவறிந்த அன்பும்

ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு மாலைப்பொழுது. செபமாலை முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், பங்கு இல்லத்துத் திண்ணையருகே ஒரு சிறுமியும் அவள் தம்பியும் தயங்கி நின்றனர். சிறுமியின் கையில் ஒரு பழைய துண்டு. அதற்குள் ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது.

"சாமி, இதுக்கு எவ்வளவு போட்டாலும் ஒடம்பு ஏறவே மாட்டேங்குது" என்றாள்.

துண்டை விலக்கிப் பார்த்தோம். செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய்க்குட்டி. விலா எலும்புகளை ஒன்றிரண்டு என்று எண்ணிவிடலாம். வயிறு மட்டும் சிறு குடம்போல் உப்பியிருந்தது. மயிர் பொலிவிழந்து நின்றது.

"என்னம்மா கொடுக்கிறாய்?" என்று கேட்டோம்.

"காலைல பாலு, மத்தியானம் சாம்பார் சோறு, ராத்திரிக்கு பிஸ்கட்டு."

"அக்கா தான் குடிக்கிற பாலத்தான் சாமி ஊத்துது. அம்மாவுக்குத் தெரியாது" என்றான் தம்பி. சிறுமி அவனை முறைத்தாள்.

நம்மால் சிரிக்க இயலவில்லை. வேறொரு குட்டி நம் நினைவுக்கு வந்துவிட்டது.

நாம் செய்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய மற்றொரு பங்கில், கோவில் வாயிலில் யாரோ ஒரு நாய்க்குட்டியை விட்டுச் சென்றிருந்தார்கள். எத்தனை நாள் பட்டினியோ, எழுந்து நிற்கவும் அதற்கு வலுவில்லை. இரக்கம் மேலிட்டது. ஒரு பெரிய கிண்ணம் நிறையப் பசும்பால் வைத்தோம். அன்று திருநாள் விருந்தில் எஞ்சிய கறிக்குழம்புச் சோற்றையும் இட்டோம். குட்டி ஒரு பருக்கை விடாமல் உண்டது. நமக்கோ பெருமகிழ்ச்சி. மறுநாள் கடுங்கழிச்சல் கண்டது. மூன்றாம் நாள் காலை அது உயிரோடு இல்லை.

"சாமி, நீங்கள் பசிக்கு உணவிட்டீர்கள், வயிற்றுக்கு உணவிடவில்லை" என்று கால்நடை மருத்துவர் ஒருவர் பின்னர் நம்மிடம் கூறினார். அந்தச் சொல் இன்றும் நம் உள்ளத்தில் முள்ளாய் இருக்கிறது. அன்பு குறைந்ததால் அக்குட்டி இறக்கவில்லை. அன்புக்கு அளவு தெரியாததால் இறந்தது. ஆகவே நம் இல்லங்களில் நாய்க்குட்டி வளர்க்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இதைக் குறித்துச் சில சொற்கள் எழுதத் துணிந்தோம்.

மெலிவா, மெல்லிய உடலா?

முதலாவதாக, குட்டி உண்மையிலேயே மெலிந்திருக்கிறதா என்று அறிய வேண்டும். கண்ணைவிடக் கையே இதற்குச் சிறந்த கருவி. உங்கள் கையை இறுக மூடி, விரல் முட்டிகளை மறு கையால் தடவிப் பாருங்கள். குட்டியின் விலா அவ்வாறு துருத்திக்கொண்டு தட்டுப்பட்டால் அது மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். எலும்புகள் மெல்லிய தோலுக்கடியில் இலேசாகத் தட்டுப்படும். விலா அவ்வாறிருந்தால் உடல் நலமாயிருக்கிறது. உள்ளங்கையைப்போல் மெத்தென்றிருந்தால் கொழுப்பு மிகுதி.

சிப்பிப்பாறை, கன்னி முதலிய நம் நாட்டு வேட்டை நாய்கள் இயல்பாகவே ஒடுங்கிய வயிறும் மெல்லிய உடலும் கொண்டவை. அவற்றின் விலா சற்றுத் தெரிவது நோயன்று. ஆனால் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கூராகத் துருத்தி, குட்டி சோர்ந்து கிடந்தால், எவ்வினமாயினும் அது கவலைக்குரியது.

காரணம் வயிற்றுக்குள்

இரண்டாவதாக, உணவைக் கூட்டுமுன் காரணத்தைக் காண வேண்டும். மறுநாள் காலை பிள்ளைகளுடன் குட்டியை அரசுக் கால்நடை மருந்தகத்திற்கு எடுத்துச் சென்றோம். மருத்துவர் அம்மையார் அதன் உதட்டை உயர்த்தி ஈறுகளைக் காட்டினார். செந்நிறமாயிருக்க வேண்டிய ஈறு வெளிறிக் கிடந்தது. பற்களைப் பார்த்து வயது ஏறக்குறைய 8 வாரம் என்றார். தராசில் வைத்தார்: 1 கிலோ 400 கிராம்.

"பாப்பா, நீ இந்தக் குட்டிக்குச் சோறு போடவில்லை. அதன் வயிற்றிலுள்ள புழுக்களுக்குப் போட்டிருக்கிறாய்" என்றார் அவர்.

நாய்க்குட்டிகளின் மெலிவுக்கு நம் ஊர்களில் முதன்மையான காரணம் குடற்புழுக்களே. உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் தாயின் உடலிலேயே மறைந்திருந்து, குட்டி கருவிலிருக்கும்போதே அதனுள் புகுந்துவிடுகின்றன. தாய்ப்பால் வழியாகவும் செல்கின்றன. எனவே வெளியே நடமாடாத குட்டிக்கும் புழு இருக்கும். கொக்கிப்புழு அதனினும் கொடியது. குடலைக் கவ்விக் குருதியை உறிஞ்சும். ஈறு வெளிறுதல், கருநிறக் கழிச்சல் ஆகியன அதன் அடையாளங்கள்.

ஆதலால் குட்டி பிறந்த 2ஆம் வாரத்திலிருந்து 8ஆம் வாரம்வரை இரு வாரங்களுக்கு ஒருமுறையும், பின்னர் 6 மாதம் நிறையும்வரை மாதம் ஒருமுறையும் குடற்புழு நீக்க மருந்து தருவது முறை. மருந்தின் அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது. நம் பிள்ளைகளுக்கு வாங்கிய மாத்திரையில் பாதியைக் கிள்ளிக் கொடுப்பது கூடாது.

புழுக்களே அன்றி வேறு காரணங்களும் உண்டு. உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் சிறு குட்டியின் குருதியை வற்றச் செய்யும். தாயிடமிருந்து மிக விரைவில் பிரிக்கப்பட்ட குட்டியும் தேறாது. 8 வாரம்வரை அது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருப்பதே நலம். இரத்தக் கழிச்சலும் வாந்தியும் கண்டால் 'பார்வோ' என்னும் நச்சுயிரி நோயாக இருக்கலாம். 1978இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய இந்நோய் குட்டிகளைச் சில நாட்களில் மாய்த்துவிடும். அந்நிலையில் வீட்டு மருத்துவம் செய்து பொழுதைக் கழிக்காமல் உடனே மருத்துவரை நாட வேண்டும். இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு.

எதை ஊட்டுவது, எவ்வளவு ஊட்டுவது?

பால் கொடுத்தால் உடல் தேறும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு உண்டு, பாற்சர்க்கரையோ குறைவு. பசும்பாலில் பாற்சர்க்கரை மிகுதி. அதைச் செரிக்க இயலாமல் பல குட்டிகளுக்குக் கழிச்சல் உண்டாகிறது. ஆக, உடல் தேறுவதற்கென்று கொடுத்த பாலே உடலை வற்றச் செய்துவிடுகிறது.

ஏறக்குறைய 2 கிலோ எடையுள்ள இளங்குட்டிக்கு நாளொன்றுக்கு 350 கலோரி அளவு உணவு தேவை. வீட்டு உணவில் இதற்கு ஒரு கணக்கு: குழைய வெந்த சோறு 100 கிராம், எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி 80 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, எண்ணெய் அரைத் தேக்கரண்டி. உப்பு, மிளகாய், மசாலை எதுவும் வேண்டா. இதை ஒரே வேளையில் வைத்துவிடாமல் நான்கு பங்காக்கி, காலை, நண்பகல், மாலை, இரவு என்று இளஞ்சூட்டில் கொடுக்க வேண்டும். 3 மாதத்திற்குப்பின் மூன்று வேளையும், 6 மாதத்திற்குப்பின் இரு வேளையும் போதும்.

ஆனால் இக்கலவையே எந்நாளும் போதுமென்று எண்ணிவிடலாகாது. சோற்றிலும் கறியிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு; மாதக்கணக்கில் இதையே உண்டால் வளரும் குட்டியின் கால்கள் வளைந்துவிடும். மருத்துவரைக் கேட்டுச் சுண்ணாம்புச் சத்தை அளவாகச் சேர்க்க வேண்டும். அது மிகுந்தாலும் கேடே. வசதியுள்ளோர், குட்டிகளுக்கென்றே செய்து விற்கப்படும் முழுமையான உணவை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியபின் கொடுக்கலாம். பழைய உணவிலிருந்து புதியதற்கு மாற்றுவதை ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகச் செய்க.

நெடுநாள் பட்டினி கிடந்த குட்டிக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். வற்றிய உடலில் திடீரென மிகுந்த உணவு சேர்ந்தால் குருதியிலுள்ள பாஸ்பரஸ் முதலிய உப்புச் சத்துகள் தாழ்ந்து, நெஞ்சே நின்றுவிடக்கூடும். மனிதருக்கும் இவ்வாறே. 1945இல் ஐரோப்பாவின் வதைமுகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டோரில் பலர், இரக்கத்தோடு கொடுக்கப்பட்ட கொழுப்பு மிகுந்த உணவை உடல் தாங்காது மாண்டனர். ஆகவே அத்தகைய குட்டிக்கு முதல்நாள் உரிய அளவில் கால்பங்குக்கு மேற்படாமல், அதையும் ஆறு சிறு வேளைகளாகக் கொடுத்து, மருத்துவரின் சொற்படி நான்கைந்து நாட்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். நாம் அன்று இதை அறியாதிருந்தோம்.

இலையில் மிஞ்சியது ஆகாது

நம் வீடுகளில் நாய்க்கென்று தனியே சமைப்பது அரிது. மிஞ்சிய குழம்புச் சோறே அதன் பங்கு. ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஏற்கெனவே குருதி குன்றிய குட்டிக்குச் சின்ன வெங்காயச் சாம்பார் சோறு எத்தகைய கேடு என்று எண்ணிப் பாருங்கள். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே கிறிஸ்துமஸ் கேக் நாய்க்கு ஆகாது. சாக்லெட்டும் நஞ்சு. வெந்த கோழி எலும்பு கூர்கூராகப் பிளந்து குடலைக் குத்தும். பிஸ்கட்டோ பசியை அடைக்குமே தவிரத் தசையை வளர்க்காது.

உலைவைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே குழைய வேகவைப்பதும், குழம்பில் வெங்காயம் சேருமுன் இரண்டு துண்டுக் கறியை எடுத்து அவிப்பதும் பெருஞ்செலவாகாது. "பிள்ளைகளுக்கே முட்டை இல்லை, நாய்க்கு முட்டையா?" என்று கேட்கும் தாய்மார்களை நாம் அறிவோம்; அவர்கள் கேட்பது நியாயமே. முட்டைக்கு வழியில்லாவிட்டால் பொடிமீனை முள்நீக்கி அவித்துச் சேர்க்கலாம். அதற்கும் வழியில்லாத வீட்டார் ஒரு குட்டியைக் கொண்டுவந்து பட்டினி போடுவதைவிட, வளர்க்க வல்லவர் கையில் ஒப்படைப்பதே இரக்கம்.

பிள்ளைகளின் நலம்

பெற்றோர் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. நாயின் மலத்தோடு வெளிவரும் உருண்டைப்புழுவின் முட்டைகள் மண்ணில் நெடுங்காலம் கிடந்து, பிள்ளைகளின் கை வழியாக வயிற்றுக்குள் சென்று, கண்ணுக்கும் ஈரலுக்கும் ஊறு செய்யக்கூடும். குட்டியின் மலத்தை அன்றாடம் அப்புறப்படுத்துங்கள். அதைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவாமல் பிள்ளைகளை உண்ண விடாதீர்கள்.

வெறிநாய்க்கடி நோய் குட்டிகளிடமிருந்தும் பரவும். சிறு பல்தானே, விளையாட்டுக் கீறல்தானே என்று விட்டுவிடலாகாது. காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது. குட்டிக்கு 3 மாதமானதும் இந்நோய்க்குரிய தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள்.

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

அன்று மருந்தகத்தில் புழுமருந்தும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார்கள். அம்மையார் சிறுமியிடம் ஒரு வேலையும் ஒப்படைத்தார்: ஞாயிறுதோறும் ஒரே தராசில், காலை உணவுக்கு முன், குட்டியை நிறுத்து எழுதிவைக்க வேண்டும். வளர்ந்தபின் 15 கிலோ வரக்கூடிய நாய், குட்டிப்பருவத்தில் நாளொன்றுக்கு 30 முதல் 60 கிராம் வரை ஏறினால் போதும். அதற்கு மேல் அவசரப்படலாகாது என்றும் சொன்னார்.

சிறுமியின் தாயாரிடம் நாமே பேசினோம். முதலில் பால் செய்தி கேட்டுக் கடிந்துகொண்டார்; பின்னர் அவரே சாம்பார் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு சட்டியை ஏற்றினார். மழை படாத மூலையில் ஒரு சாக்கும் விரித்தார்.

ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் கோவில் தெருவிலுள்ள காய்கறிக் கடைத் தராசில் குட்டி ஏறியது. முதல் வாரம் கூடியது 100 கிராம்தான். சிறுமியின் முகம் வாடிற்று. "ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? அதைப் பார் அம்மா" என்றோம். அடுத்த வாரம் 200. அதற்குப்பின் வாரத்திற்கு 300 கிராம் அளவில் ஏறியது. எட்டாம் ஞாயிறன்று தராசு மூன்றரைக் கிலோ காட்டியது. அதற்குள் குடம்போன்ற வயிறு உள்வாங்கி, விலா மறைந்து, மயிரில் மினுமினுப்பும் ஏறியிருந்தது. தராசில் ஒரு நொடி நிற்க மறுத்துக் கத்தரிக்காய்க் கூடைக்குள் பாய்ந்தது. கடைக்காரர் சத்தம் போட்டார்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எட்டு எண்கள் கோணல்மாணலாக எழுதப்பட்டிருந்தன. அவற்றின் அருகே, "பால் நான் குடிக்கிறேன்" என்று ஒரு வரி. தாயார் எழுதச் சொன்னாராம்.

அப்பக்கத்தைப் பார்த்தபோது, கோவில் வாயிலில் கிடந்த அந்தப் பழைய குட்டியை நினைத்துக்கொண்டோம். அதற்கு நாம் வைத்த கிண்ணம் மிகப் பெரியது. அதில் பாதியளவும், ஒரு தராசும், எட்டு வாரப் பொறுமையும் நம்மிடம் இருந்திருந்தால் அதுவும் இன்று பிழைத்திருக்கலாம். உங்கள் வீட்டுத் திண்ணையில் அப்படியொரு குட்டி வந்து நின்றால், கிண்ணத்தை நிரப்புமுன் அதன் ஈறுகளைப் பாருங்கள்.