தொழில்முறைக் குத்துச்சண்டை வீரரின் அமெச்சூர் போட்டிக் கணக்கைச் சரிபார்த்தல்

ஆய்வுச்சுருக்கம்

தொழில்முறைக் களத்தில் முதன்முறையாக இறங்கும் குத்துச்சண்டை வீரருக்கு அதற்கு முன்னரே ஒரு வெற்றி, தோல்விக் கணக்கு சொல்லப்படுகிறது. அது பெரும்பாலும் மொத்த எண்ணாகவே வழங்குகிறது. போட்டிவாரியான பட்டியல் உடன் இருப்பதில்லை. பெயர், பதக்கம், போட்டியின் தன்மை, ஆட்சி எல்லை ஆகிய நான்கு வழிகளில் சோதித்து, உறுதிசெய்யத்தக்க குறைந்தளவுக் கணக்கை வகுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: குத்துச்சண்டை, அமெச்சூர், விளையாட்டு வரலாறு, வாய்மொழிச் சான்று, போடிநாயக்கனூர்

முன்னுரை

தொழில்முறைப் போட்டிகள் ஒவ்வொன்றாகப் பதிவாகின்றன. அமெச்சூர் போட்டிகளோ பள்ளி, மாவட்டம், மாநிலம், பல்கலைக்கழகம், படைப்பிரிவு எனப் பல நிலைகளில் நடப்பவை. முடிவுத் தாள்கள் அந்தந்த அமைப்பாளரிடமே தங்கிவிடுகின்றன. வீரர் தொழில்முறைக்கு மாறும்போது அவரை அறிமுகப்படுத்துவோர் மொத்த எண்ணை முன்வைக்கின்றனர். வெற்றிகளைப் பெருக்கிக் காட்டுவதில் அவர்களுக்கு நலன் உண்டு. தோல்விகளைத் தேடி எடுப்பதில் இல்லை.

இதனால் இருவகைத் தீங்கு விளைகிறது. பழக்கமற்ற ஒருவர் அனுபவம் மிக்க எதிராளியுடன் தவறாக இணைக்கப்பட்டால் உடலுக்கே ஊறு நேரும். மற்றொன்று வரலாற்றுத் தீங்கு. ஒருவரின் கணக்கிலிருந்து நீக்கப்படும் தோல்வி, இன்னொருவர் ஈட்டிய வெற்றியாகும். பின்னாளில் புகழ்பெற்ற வீரரை இளமையில் வென்றதே ஓர் எளிய வீரரின் வாழ்நாள் சாதனையாக இருக்கலாம். அத்தோல்வி மறையும்போது அவரும் வரலாற்றிலிருந்து மறைகிறார்.

பெயர்வழிச் சோதனை

அமெரிக்க வீரர் சுகர் ரே ராபின்சன் அமெச்சூர் நிலையில் 85 போட்டிகளில் 85 வெற்றி பெற்றவர் என்பது பரவலாக வழங்கும் கூற்று. அவருடைய இயற்பெயர் வாக்கர் ஸ்மித். ரே ராபின்சன் என்பது வேறொருவரின் பதிவு அட்டை வழியாக அவருக்கு வந்த பெயர். இயற்பெயரில் ஆடிய காலத்தில் பில்லி கிரஹாம், பேட்சி பெஸ்கா ஆகியோரிடம் அவர் தோற்றதாக வரலாற்றாசிரியர்கள் சுட்டுகின்றனர். புகழ்பெற்ற பெயரை மட்டும் தேடுவோருக்கு இத்தோல்விகள் அகப்படா.

தமிழ்ப் பெயர்களில் இச்சிக்கல் வேறு வடிவில் எழுகிறது. 1994-இல் பாங்காக் உலகக்கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்ற சென்னை வீரர் வி. தேவராஜன், பன்னாட்டுப் பட்டியல்களில் தலைப்பெழுத்து விரிக்கப்பட்டு வெங்கடேசன் தேவராஜன் என இடம்பெறுகிறார். எனவே தலைப்பெழுத்துடன் கூடிய வடிவம், விரித்த வடிவம், முன்பின் மாறிய வடிவம் ஆகிய மூன்றையும் தேடுதல் வேண்டும்.

பதக்கவழிச் சோதனை

வெளியேற்றுமுறைப் போட்டியில் தங்கம் வென்றவர் தோல்வி காணாதவர். வெள்ளி வென்றவர் இறுதியில் தோற்றவர். அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் வழங்கும் வழக்கத்தால், வெண்கலம் வென்றவரும் ஒருமுறை தோற்றவரே. ஆகவே பதக்கப் பட்டியல் தோல்விப் பட்டியலாகவும் பயன்படும்.

2015 அக்டோபரில் மான்செஸ்டரில் தொழில்முறையில் அறிமுகமான விஜேந்தர் சிங்கின் பதிவு இதற்குச் சான்று. 2006 மெல்போர்ன் காமன்வெல்த்தில் வெள்ளி, அதே ஆண்டு தோகா ஆசியப் போட்டியில் வெண்கலம், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம், 2009 மிலான் உலகப் போட்டியில் வெண்கலம், 2010 டெல்லி காமன்வெல்த்தில் வெண்கலம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெள்ளி ஆகிய ஆறும் ஆறு தோல்விகளைக் காட்டுகின்றன. 2004 ஏதென்ஸ் முதற்சுற்றுத் தோல்வியும் 2012 லண்டன் காலிறுதித் தோல்வியும் சேர, பெரும் போட்டிகளில் மட்டும் குறைந்தது எட்டுத் தோல்விகள் உறுதியாகின்றன. ஏதென்ஸிலும் மெல்போர்னிலும் அவர் 69 கிலோ பிரிவில் ஆடியவர். 75 கிலோ பிரிவை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் தவறவிடுவார். எதிராளி இன்றி அடுத்த சுற்றுக்குச் செல்வதை வெற்றியாக எண்ணுதலும் தவிர்க்கத்தக்கது.

போட்டியின் தன்மை

வடசென்னையின் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகளில் நடந்த குத்துச்சண்டைகள் வாய்மொழியாகப் பெரிதும் நினைவுகூரப்படுகின்றன. பரிசுப் பணமும் பரம்பரை மானமும் கலந்த அவை இன்றைய அமெச்சூர், தொழில்முறை என்னும் பகுப்பில் எளிதில் அடங்குவன அல்ல. அவற்றை அமெச்சூர் கணக்கில் கூட்டாமல் தனி வகையாகப் பதிவதே முறை. துண்டறிக்கை, நாளிதழ்ச் செய்தி, எதிர்த்தரப்பாரின் நினைவு ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்தால் நிகழ்வை ஏற்கலாம்.

ஆட்சி எல்லை

போடிநாயக்கனூரைச் சேர்ந்த ஒரு வீரரின் கணக்கைத் தேடுவதாகக் கொண்டால் எல்லையின் இன்றியமையாமை விளங்கும். தேனி தனி மாவட்டமானது 1990களின் பிற்பகுதியில்தான். அதற்கு முற்பட்ட மாவட்டப் போட்டி முடிவுகளை மதுரை மாவட்டப் பதிவுகளில் தேடவேண்டும். போடிமெட்டு வழியாக மலையேறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். ஏலத்தோட்ட வேலைக்காகக் குடும்பம் மலைமேல் குடியேறியிருப்பின், வீரரின் பள்ளிக்காலப் போட்டிகள் கேரள மாநிலப் பதிவில் இருக்கக்கூடும்.

தேசிய நிலையிலும் இவ்வாறே. இந்தியக் கூட்டமைப்பு 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்யப்பட்டமையால், 2013 அல்மாட்டி உலகப் போட்டியில் இந்திய வீரர்கள் பன்னாட்டுக் கூட்டமைப்பின் கொடியின்கீழ் ஆடினர். நாட்டின் பெயரை மட்டும் கொண்டு தேடுவது அங்குப் பயன்தராது. இன்றைய இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு 2016-இல் அமைந்தது. முந்தைய ஆண்டுகளுக்கு அன்று போட்டியை நடத்திய அமைப்பு எதுவெனக் கண்டறிதலே முதற்பணி.

முடிவுரை

சரிபார்த்த கணக்கை மூன்று பத்திகளாக வெளியிடுதல் தகும்: நாள், இடம், எதிராளி, முடிவு ஆகிய நான்கும் சான்றுடன் உள்ளவை, கூற்றாக மட்டும் வழங்குபவை, சான்றுகள் தம்முள் முரண்படுபவை. முதற்பத்தியின் கூட்டுத்தொகை குறைந்தளவாகும். அது விளம்பரத்தில் வரும் எண்ணைவிடச் சிறியதாகவே இருக்கும். எனினும் அதன் ஒவ்வொரு வரியிலும் இரு வீரர்களின் பெயர்கள் இடம்பெறும். பாடபேதங்களை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் மரபுடைய தமிழாய்வுக்கு இம்முறை புதிதன்று. ஏட்டிலிருந்து களத்திற்கு அதை விரித்தலே வேண்டுவது.